நைனா நிறுத்திய ஜட்கா

அந்த வருஷம் முழுக்க அம்மாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம். தயிர்க்காரி என் பெயரைக் கேட்டால் சந்தேகம். வளையல்காரர் எனக்குச் சும்மா ஒரு வளையல் போட்டுவிட்டால், அதைக் கழற்றித் தெருவில் எறிவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். "யார் கூப்ட்டாலும் போவாத. அம்மா கூப்புடுறாங்கன்னு சொன்னா நம்பவே நம்பாத" என்று தலைவாரும்போதெல்லாம் ஓதுவாள். எனக்கு ஏழு வயது. சொன்னதை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை நான். கொஞ்ச நாளில் எனக்கு அம்மா மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

நைனாவுக்குப் பயந்துதான் நாங்கள் மேல்விஷாரத்துக்கு ஓடிவந்திருந்தோம். நைனா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. ஊருக்கு நல்லவர். எனக்கு மிட்டாய் வாங்கித் தருவார். அம்மாவை மட்டும் அடிப்பார். கடைசியாக அடித்ததில் அவள் மணிக்கட்டு கோணலாகவே நின்றுவிட்டது. மேல்விஷாரத்தில் தோல் முதலாளி ஒருவர் வீட்டில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. நைனா விடவில்லை, பிள்ளை எனக்கு வேண்டும் என்று வேலூர்க் கோர்ட்டில் மனுப் போட்டார். விசாரணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா வராவிட்டால் என்னை நைனாவிடமே கொடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நைனா வழியிலேயே மடக்கி என்னைப் பிடுங்கிக்கொள்வார் என்றாள் அம்மா. அதையும் நான் நம்பவில்லை.

விசாரணை நாள் காலையில், தலைமுதல் கால்வரை கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி வந்து, அம்மா குரலில் "வா கண்ணு, போலாம்" என்று என் கையைப் பிடித்தாள். அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை. வீடு அதிரக் கத்தினேன். முதலாளி வீட்டு பீபியம்மா சிரித்துக்கொண்டே ஓடிவந்து முகத்திரையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அம்மாதான். பீபியம்மாவின் புர்காவாம்.

"நீ அம்மாவா இருந்தா இன்னாத்துக்கு மூஞ்ச மறைச்சிக்கினு வர்ற?" என்று கேட்டேன்.

அம்மா என்னைத் திரை கட்டிய ஜட்கா வண்டியில் தூக்கிப் போட்டாள்.

சத்துவாச்சாரி அருகில் வண்டி நின்றது. "இன்னா பாய், உள்ள யாரு?" என்று நைனாவின் குரல் கேட்டது. வருகிற வண்டியையெல்லாம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை மடிக்கு இழுத்து வாயைப் பொத்தினாள். அவள் உடம்பு குளிர்ஜுரக்காரிபோல் நடுங்கியது. தப்புச் செய்தவள்தான் இப்படி நடுங்குவாள் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"மொதலாளி வூட்டு அம்மா, கோஷா. தள்ளி நில்லு" என்றார் வண்டிக்கார பாய்.

அந்நியருக்கு முகம் காட்டாத கோஷாப் பெண் இருக்கும் வண்டியை எங்கள் பக்கத்தில் அந்நிய ஆண் ஏறிட்டும் பார்க்கமாட்டான். முதலாளி வீட்டுத் திரையைத் தொட்ட மேஸ்திரி மறுநாள் வேறு பிழைப்புத் தேடவேண்டியதுதான். திரையின் இடுக்கு வழியே பார்த்தேன். நைனா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தை வயல்பக்கம் திருப்பிக்கொண்டு கைகூப்பினார்.

"தெரியாம நிறுத்திட்டேம்மா. மன்னிச்சுக்குங்க. நீங்க போய்ட்டு வாங்க."

அம்மாவை 'ஏய்' என்றல்லாமல் அவர் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதே இல்லை.

கோர்ட்டில் சேவகன் நைனாவின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவினான். பதில் இல்லை. எங்களை மடக்கவேண்டுமென்று அவர் இன்னும் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார். மனுக் கொடுத்தவரே வரவில்லை என்று ஜட்ஜு மனுவைத் தள்ளினார். பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்றார்.

திரும்பும்போது அம்மா மறுபடி அங்கியை மாட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். நானும் அவளுக்கு நல்ல யோசனை ஒன்று சொன்னேன்.

"இத்தயே தினிக்கும் போட்டுக்கோம்மா. நம்ம வூட்டுக்கே போய்டலாம். நைனா உன்கிட்ட எவ்ளோ மரியாதையா பேசுனாரு பாத்தியா?"

அம்மா முகத்திரையை விலக்கி என்னையே பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அடி வாங்கும்போதுகூட அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை. இவ்வளவு சுலபமான வழி இருக்கையில் எதற்கு இந்த அழுகை என்று எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது.