எங்கள் ஒட்டகக் கழகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓட்டக் கழகத்தில் ஓடியதை விடப் பேசியதுதான் அதிகம். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் தாங்கள் எப்படி ஓடினோம் என்பதுதான் அந்தப் பேச்சு. எனக்கு அப்போது பத்து வயது. விடிவதற்கு முன்னால் போர்வையை உருவி என்னை எழுப்பிக் கொண்டுபோய்ப் பனியில் நிறுத்திவிட்டு, பெரியவர்கள் தங்கள் பழைய பெருமைகளைச் சொல்லத் தொடங்குவார்கள். எனக்குப் பற்கள் தந்தியடிக்கும். காலில் அட்டை ஏறும். குனிந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பெரியப்பா இன்னும் அதே கதையில்தான் இருப்பார்.

கழகத்தைத் தொடங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எங்களுடன் அதே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தார். ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் றொசல்லப் பக்கம் நடக்கிற வீதி ஓட்டத்தில் எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவுக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவர்களில் ஒருவர், எங்கள் கீழ்ப்பிரிவில் ஓடத் தெரிந்த ஆளே கிடையாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். மாமா அப்பளத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளே கழகம் தொடங்கிவிட்டது.

மாமா ஹட்டனில் ஒரு கடையில் எல்லோருக்கும் பனியன் அடிக்கக் கொடுத்தார். அடித்தவருக்குத் தமிழ் தெரியாது. 'ஓட்டக் கழகம்' என்று எழுதிக் கொடுத்தது 'ஒட்டகக் கழகம்' என்று வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று மாமா சொல்லிவிட்டார். கிட்டத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கழகத்து ஆட்களைச் சொல்கிறேன். பெரியப்பா இளவயதில் தோட்டத்துப் பந்து அணியில் கோல் காப்பாளராக இருந்தவர். ஹட்டன் மைதானத்தில் ஒரு தண்ட உதையை முகத்தால் தடுத்தாராம். அந்தப் பந்தின் வேகம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. கோல் காப்பவர் எங்கே ஓடினார் என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "பந்து தேயிலைக்குள்ள விழுந்தா யாரு புள்ள ஓடிப்போயி எடுக்கிறது? நாந்தானே!" என்றார்.

சித்தி பாலர் பள்ளியில் படிப்பித்தார். பள்ளிக் காலத்தில் நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர். முதலாவதாக வந்த பெண் துப்பாக்கி வெடிக்கும் முன்பே புறப்பட்டுவிட்டாள் என்பது சித்தியின் வாழ்நாள் வழக்கு. அந்தப் பெண்ணை இப்போது ஹட்டன் சந்தையில் கண்டால்கூடச் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு கடையில் போய்க் கத்தரிக்காய் வாங்குவார்.

அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், எல்லோருக்கும் அவர் 'சேர்'. ஆசிரியர் கலாசாலையில் உயரம் பாய்ந்தவர். அவர் ஒருநாளும் ஓடியதில்லை. கையில் ரொட்டியோடு மேட்டில் நின்றுகொண்டு, "மூக்கால இழு, வாயால விடு" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போய்விடுவதால் அன்றைக்கு மட்டும் நாங்கள் இஷ்டப்படி மூச்சு விடலாம்.

அப்பா பொல்பிட்டியப் பக்கம் வேலைக்குப் போய் எப்போதாவதுதான் வருவார். ஆகவே தப்பித்துக்கொண்டார். அம்மாவுக்கு விடியும்போதே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேற வேண்டும். "நான் ஓடுறது போதாதா?" என்று கேட்டு அவரும் தப்பித்தார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் அந்த வருடமே ஓடி முதலாவதாக வந்தவள் அந்தக் கழகத்தில் ஒருத்திதான் உண்டு. அது நான். என் கதையை யாரும் கேட்கவில்லை.

மாமாவின் கதை எல்லாவற்றிலும் சின்னது. "நான் மாகாண அணிக்கு ஓடினவன்." அவ்வளவுதான். அப்புறம் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஒருநாள் முழங்கால் என்பார். இன்னொரு நாள் காய்ச்சல் என்பார். மற்றொரு நாள் சப்பாத்துக் கடித்துவிட்டது என்பார். பெரியப்பாவின் பந்தாவது ஒரே பந்து. இவருக்கு ஒரே கதையைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். பெரியவர்கள் யாரும் அவரை மடக்கவில்லை. அவர் முழங்கால் என்றால் முழங்கால், காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று தலையாட்டினார்கள். மாமா பொய் சொல்கிறார், மற்றவர்கள் பாவம் பார்த்துப் பேசாமல் இருக்கிறார்கள் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

வீதி ஓட்டத்தில் ஒரு அணிக்கு நான்கு பேர். ஒரு பள்ளிப் பிள்ளை, ஒரு பெண், வயதில் மூத்த ஒருவர், கடைசியாக யாராவது ஒருவர். ஒருவர் ஓடிப்போய் அடுத்தவர் கையில் சின்ன மரக்கோலைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் வேலையே வரவில்லை. இருந்ததே அவ்வளவுதான்.

போட்டியன்று காலையில் நான் ஓடினேன். அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். தொழிற்சாலை வாசலிலிருந்து வளைந்து இறங்கும் வீதியில் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு, முதல் ஆளாகச் சித்தியின் கையில் கோலைக் கொடுத்தேன். சித்தியும் பரவாயில்லை. இரண்டாவதாக வந்து (அது அவருக்குப் பழக்கம்தான்) பெரியப்பாவிடம் கொடுத்தார். சேர் என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்திக்குக் கூட்டிப்போனார். ஓட்டம் முடிகிற இடம் அங்கேதான், பெரிய ரோட்டைக் கடந்தால் இருக்கிற மைதானத்தில். அம்மா ஏற்கனவே அங்கே கூட்டத்தில் நின்றிருந்தார்.

போகிற வழியில் பெரியப்பாவைப் பார்த்தோம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கோலை வைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் தெரிந்தவர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போனார். ஆட்டோவிலிருந்து நான் கத்திய கத்தலில் சேர் என் வாயைப் பொத்தினார். பெரியப்பா கோலை மாமாவிடம் கொடுத்தபோது நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை மைதானத்து வேலியில் ஏறி நின்று பார்த்தேன். மேலே தேயிலைக்கு நடுவே வீதி பாம்பு மாதிரி வளைந்து இறங்குவது அங்கிருந்து தெரியும். முதல் வளைவில் மாமா நான்காவது ஆள். அடுத்த வளைவில் மூன்றாவது. புதருக்குப் பின்னால் மறைந்து திரும்ப வெளியே வந்தபோது, அவருக்கு முன்னால் மேல்பிரிவுக்காரர் ஒருவர்தான் இருந்தார். ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஓடுவது கஷ்டமாகவே இல்லை. தலை ஆடாமல், தோள் அசையாமல், கால் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மாகாணம் என்று அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. "ஒட்டகம்! ஒட்டகம்!" என்று கூட்டம் கத்தியது. இந்தத் தடவை அது கேலியாக இல்லை. மாமா மேல்பிரிவுக்காரரைத் தாண்டினார். இனிப் பெரிய ரோட்டைக் கடந்தால் முடிந்தது.

அப்போது வட்டவளைப் பக்கத்திலிருந்து ஒரு லொறி வந்தது. சந்தியில் கடமையில் இருந்த பொலிஸ்காரர் மாமாவுக்கு வழிவிடுவதற்காக ரோட்டின் நடுவில் வந்து, லொறியைப் பார்த்துக் கையை நீட்டி, பலமாக விசில் அடித்தார்.

லொறி நின்றது. மாமாவும் நின்றார்.

சும்மா நிற்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் அப்படியே நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கோல் கீழே விழுந்து உருண்டது. பிறகு ரோட்டில் முழங்காலிட்டார்.

மேல்பிரிவுக்காரர் அவரைத் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவரும் போனார். பொலிஸ்காரர் ஒன்றும் புரியாமல் ஓடி வந்து, "மல்லி, துவன்ன! துவன்ன!" என்று சிங்களத்தில் சொன்னார். தம்பி, ஓடு, ஓடு என்று கெஞ்சினார். அவர் கிட்டே வர வர மாமாவின் கை இன்னும் மேலே போனது. நான் வேலியிலிருந்து குதித்து ஓடினேன்.

"மாமா, எந்திரிங்க! அவரு லொறியத்தான் நிப்பாட்டுனாரு! ஓடுங்க மாமா!"

மாமா என்னைப் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கோலை எடுத்து நான் மட்டும் கடந்து ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார். லொறிக்கும் பொலிஸ்காரருக்கும் நடுவில் குனிந்து, மாமாவின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கொடியிலிருந்து துணியை இறக்குவது போலக் கீழே இறக்கினார். "வாடா, வீட்டுக்குப் போவோம்" என்றார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஓட்டத்தை முடிக்கவே இல்லை. கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். பெரியப்பா சாதாரணமாகச் சண்டை போட விஷயம் தேடுகிறவர். சோற்றில் ஒரு கல் கிடந்தால் அதை மூன்று வேளைக்கு வைத்துப் பேசுவார். அன்றைக்கோ அவர் தானே அடுப்பில் தண்ணீர் வைத்து, தேத்தண்ணீர் ஊற்றி, மாமாவின் கையில் கோப்பையைக் கொடுத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சித்தி மூலையில் உட்கார்ந்து அழுதார். சேர் வாசலிலேயே நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஜெயிச்சிருப்போம்! எல்லாரும் பாத்தாங்க! ஒரு விசிலுக்குப் போயி..."

"வாய மூடு புள்ள" என்றார் பெரியப்பா. அதட்டலாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. குற்றம் செய்தவருக்குத் தேத்தண்ணீர், முதலாவதாக ஓடி வந்தவளுக்கு வாய மூடு!

அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னது பல வருடங்கள் கழித்து. எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, பஸ் நிறுத்தத்தில் என் பையைப் பிடித்துக்கொண்டு, "அங்க பஸ்ஸுக்கெல்லாம் ஓடாத. போனா போகட்டும், அடுத்தது வரும்" என்றார். காலம் மாறிவிட்டது, இதையெல்லாம் ஏன் சொல்கிறீர்கள் என்று நான் சலித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னார்.

வடக்கில் சண்டை நடந்த காலத்தில் மாமா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். மாகாண அணிக்குத் தெரிவாகியிருந்தார். கடை மூடிய பிறகு பயிற்சி, விடிகாலையில் பயிற்சி. ஒரு மாலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார். பின்னாலிருந்து பொலிஸார் விசில் அடித்திருக்கிறார்கள். தனக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். தமிழ்ப் பையன், அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், விசிலுக்கு நிற்காமல் ஓடுகிறான். சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே பெரியப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் அலைந்தார்களாம். சேர்தான் கூடப்போய்ச் சிங்களத்தில் பேசி, ஒவ்வொரு வாசலாக நின்றாராம். திரும்பி வந்த மாமா, ஏன் நிற்காமல் ஓடினாய் என்று அங்கே கேட்டார்கள் என்பதை மட்டும் சொன்னாராம். எப்படிக் கேட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

ஆனால் பத்து வயதில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓட்டம் தோற்ற மறுநாள் விடிவதற்கு முன்னால் யாரோ மறுபடி என் போர்வையை உருவினார்கள் என்பதுதான். எழுந்து வெளியே வந்தால் மொத்தக் கழகமும் நிற்கிறது. போட்டிக்கு முந்தைய வாரம் இடுப்பு வலி என்று படுத்திருந்த பெரியப்பா நிற்கிறார். சித்தி நிற்கிறார். சேர் கையில் ரொட்டி இல்லாமல், நான் பார்த்து முதல் தடவையாக அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். பெரட்டுக்குப் போக வேண்டிய அம்மாகூடச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். தேவைப்பட்டபோது ஆளுக்கொரு சாக்குச் சொன்னவர்கள், எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு புது விசிலை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"மச்சான், ஊதுங்க" என்றார். "நான் நின்னாலும் ஊதுங்க."

ஓடத் தொடங்கினோம். பெரியப்பா பின்னாலிருந்து ஊதினார். மாமாவின் கால் பின்னிக்கொண்டது, நின்றுவிட்டார். "ஓடு, ஓடு" என்று எல்லோரும் சொன்னார்கள். மறுபடி ஓடினார். பெரியப்பா மறுபடி ஊதினார். லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. வரிசையில் கதவுகள் திறந்தன, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். "போட்டிதான் முடிஞ்சிருச்சே, இப்ப என்னாத்துக்கு விசிலு?" என்று கேட்டேன். பெரியப்பா இன்னொரு தடவை ஊதினார். அடுத்த நாளும் இதே கூத்து. அதற்கடுத்த நாளும் இதே.

ஒருநாள் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் பெரியப்பா கன்னம் உப்ப ஊதினார். மாமா நிற்கவில்லை. தோள் ஒரு தடவை குலுங்கியது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டே போனார். எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த பெரியவர்கள் எல்லோரும் சட்டென்று நின்று கைதட்டினார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேர் கைதட்டியபடியே அழுதார்.

போட்டியில்லை, கூட்டமில்லை, தாண்டிப் போக ஒரு ஆள்கூட இல்லை. வெறும் ரோட்டில் ஓடுகிறவருக்கு எதற்கு இவ்வளவு கைதட்டல் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு, நான் குனிந்து காலிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன்.