பச்சை எப்படி வந்தது?

ஸ்கிரீன் முழுக்கப் பச்சையாக இருந்தது. ஒப்பரேஷனில் எனக்கு உதவியாக எதிரே நின்ற டொக்டர் நிமல், "நல்லாருக்கு மேடம், பொருத்திருவோம்" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. ஒப்பரேஷன் தியேட்டரில் நாங்கள் பேசுவது சிங்களமும் இங்கிலீஷும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மேசையில் படுத்திருந்தவர் ஃபாரூக் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். உக்குவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுநோய். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேல் குடலையும் கீழ்க் குடலையும் பொருத்த வேண்டும். பொருத்துகிற இடத்துக்கு இரத்தம் ஒழுங்காக வராவிட்டால் தையல் பிடிக்காது. உள்ளே மலம் கசியும். உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம் இருந்தால் வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியே வர ஒரு பை வைப்போம்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் வாட்டில் அவர் என்னிடம் கேட்டார்.

"டொக்டர், பை வைப்பீங்களா?"

"தேவைப்பட்டா வைக்கணும் நானா. உயிர்தானே முக்கியம்."

"அது சரிதான். ஆனா கடையில நாலு பேர் முன்னால நிக்கிறவன் நான். அத வச்சிக்கிட்டு எப்படி நிப்பேன்?"

முடிந்தவரை பார்க்கிறேன் என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எந்த சர்ஜனாலும் முடியாது.

தவறவிட்ட தொடக்கம்

ஸ்கிரீனில் பச்சையைக் காட்டுகிற அந்தக் கமரா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஐ.சி.ஜி. என்கிற சாயத்தை நரம்பில் ஏற்றினால் அது இரத்தத்தோடு ஓடும். கமராவின் விசேஷ ஒளியில், இரத்தம் போய்ச் சேருகிற இடமெல்லாம் ஸ்கிரீனில் பச்சையாகத் தெரியும். சேராத இடம் கறுப்பாகவே இருக்கும். கேட்க இலகுவாக இருக்கும். கமராவை விற்ற கம்பனி ஆள் பக்கத்தில் நின்ற நாட்களில் எனக்கும் இலகுவாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் இல்லை.

மயக்க மருந்து டொக்டர் மாலினி சாயத்தை ஏற்றிவிட்டார். மேல் லைட்டை அணைக்க மறந்திருந்தோம். ஸ்கிரீனில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. லைட்டை அணைத்து, கமராவைத் திருப்பிப் பிடித்தபோது குடல் முழுவதும் பச்சை.

நிமல் சொன்னதில் பிழை இல்லை. கண்ணுக்கும் குடல் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை எங்கிருந்து, எவ்வளவு வேகமாக வந்தது என்பதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நல்ல இரத்த ஓட்டம் உள்ள பகுதியில் சாயம் சட்டென்று வந்துவிடும். ஓட்டம் குறைந்த பகுதிக்கும் கொஞ்சம் பிந்தி, பக்கத்திலிருந்து ஊறி வந்து சேர்ந்துவிடும். பிந்திப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

"திரும்ப ஒருக்கா பார்ப்போம்" என்றேன்.

"இப்பவே குடுத்தா பழைய சாயத்தோட கலந்துரும்" என்றார் மாலினி. "பிரஷரும் கொஞ்சம் கீழதான் நிக்குது. இப்ப பார்த்தா நல்ல குடலும் மோசமாத் தெரியலாம். கொஞ்சம் பொறுங்க, பிரஷர ஏத்தித் தாரேன்."

ஈரத் துணியால் குடலை மூடிவிட்டு நின்றோம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சர்ஜனுக்குப் பழக்கமில்லாத வேலை. பழைய பச்சை மங்கியது. பிரஷர் ஏறியது.

இந்த முறை லைட்டை அணைத்தோம், கமராவை அசையாமல் பிடித்தோம், பிறகுதான் சாயம். மேலிருந்து பச்சை விறுவிறுவென்று இறங்கியது. நான் பொருத்த நினைத்திருந்த இடத்துக்கு மூன்று விரல் அகலம் மேலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே திட்டுத்திட்டாக, மெதுவாகத்தான் வந்தது.

"கமரா சரிவா இருக்கோ?" என்று நிமல் கேட்டார். நேராக்கி, அதே தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லை மாறவில்லை. "இல்ல மேடம், மேல போவோம்" என்றார் அவரே.

மேலே வெட்டினால் குடல் நீளம் போதாது. மண்ணீரல் பக்கம் ஒட்டியிருப்பதை விடுவித்துக் கீழே இறக்க வேண்டும். மண்ணீரலில் சின்னக் கீறல் பட்டாலும் இரத்தம் கொட்டும். ஒப்பரேஷனும் நீளும். பயந்து பயந்துதான் செய்தேன். புதிய இடத்தில் வெட்டியபோது விளிம்பிலிருந்து நல்ல சிவப்பாக இரத்தம் வந்தது.

பொருத்தினோம். வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு, கீழிருந்து காற்று அடித்துப் பார்த்தோம். ஒரு குமிழியும் வரவில்லை, கசிவு இல்லை. பொருத்திய இடத்தில் இழுவையும் இல்லை. பை வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

காய்ச்சல்

சில நாளில் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. கசிவு என்றுதான் முதலில் நினைத்தேன். பை வைக்காமல் விட்டது பிழையோ என்று வாட்டுக்குப் போகிற படியெல்லாம் யோசித்துக்கொண்டே ஏறினேன். வயிறு மிருதுவாக இருந்தது. ஸ்கேனிலும் கசிவு இல்லை. வலிக்குப் பயந்து இருமாமல் இருந்ததால் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மூச்சுப் பயிற்சியும் மருந்தும் கொடுத்தோம், காய்ச்சல் இறங்கிவிட்டது.

அடுத்து நாங்கள் காத்திருந்தது காற்றுப் பிரிவதற்கு. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு ரவுண்டிலும் கேட்டேன். பெண் டொக்டரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு காலை நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், சுபஹுக்கு எடுத்த வுழு முறிஞ்சிருச்சு."

சுபஹ் என்பது விடியற்காலைத் தொழுகை; தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி எடுக்கிற சுத்தம்தான் வுழு. காற்றுப் பிரிந்தால் அது முறிந்துவிடும், திரும்ப எடுக்க வேண்டும். மாத்தளையில் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அதை விளக்கத் தேவையில்லை.

"எத்தன தரம் நானா?"

"ரெண்டு தரம் முறிஞ்சிருச்சு. அல்ஹம்துலில்லாஹ்."

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியே வந்து நிமலுக்கும் மாலினிக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

முதலில் நினைத்த இடத்தில் பொருத்தியிருந்தால் கசிந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஒருவேளை பிடித்தும் இருக்கலாம். எப்படியும் அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை நான் விடவில்லை. லைட் அணைந்ததா, கமரா நேராக நிற்கிறதா, பிரஷர் எவ்வளவு என்று மூன்றையும் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் சாயம் ஏற்றச் சொல்வேன். பச்சை ஓடி வருவதை முதலிலிருந்து பார்க்கத் தவறினால், எத்தனை பேர் காத்துக்கொண்டு நின்றாலும் இன்னொரு முறை பார்க்காமல் தைக்கிற ஊசியை எடுக்க மாட்டேன்.