நீல வானம்

செங் ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் ஓடிக்கொண்டிருந்த கேம் பெட்டியின் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை என்னை, சிறுமியாக நான் வளர்ந்த பாயா ரும்புட் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. ஜப்பானுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன அப்பா, அங்கே கடையில் விளையாடிப் பார்த்து வாங்கி அனுப்பியதும் இதே பெட்டிதான். ஜப்பான் பெட்டி எங்கள் டிவிக்கு ஒத்துவராமல் படம் கறுப்பு வெள்ளையாகவே வர, அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை, அப்பாவுக்கென்று இரண்டாவது கன்ட்ரோலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாம்பல் நிறச் சாலையில் நான் தனியே கார் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

“கலரெல்லாம் நல்லா வருதாம்மா?” என்று போனில் கேட்டார் அப்பா.

“சூப்பர்லா, அப்பா. வானம் நீலமா இருக்கு.”

“ஆமாம்மா, நீலந்தான்” என்றார்.

இன்று, எதற்கும் ஒத்துப்போகிற கடை டிவியில், அந்த விளையாட்டை முதன்முதலாகக் கலரில் பார்த்தேன். வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.