கார்க் கதவைச் சாத்தியது நான்தான்

இந்த நாட்டில் கைரேகை கொடுத்தால் விரலில் மை ஒட்டுவதில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசா. ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் பல் டொக்டர், நடுவில் கைரேகை எடுக்கும் இடம். கண்ணாடியில் விரலை வைத்தால் கொம்பியூட்டரில் விழுந்துவிடும். போன மாசியில் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து விரலும் வைத்து முடித்ததும் அவள் கையை ஜக்கெற்றில் துடைத்தாள். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரி, "புது வேலைக்கா? வாழ்த்துகள்" என்று சிரித்தாள். "யெஸ், தாங்க்யூ" என்றாள் சுகந்தி. நாங்கள் வந்தது அவள் பேரில் இருந்த களவுக் குற்றப் பதிவை மூடிவைக்கச் சொல்லி விண்ணப்பிக்க. அதை அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தி என்ன கிடைக்கப்போகிறது?

சுகந்தி வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஐந்து வருசமாய் வாடகைக்கு இருக்கிறாள். வயோதிபரைப் பராமரிக்கும் படிப்புப் படித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் சரிவந்தது. பொலிஸ் சேர்ட்டிபிக்கற் ஒன்றுதான் பாக்கி. அதில் எட்டு வருசத்துக்கு முந்திய களவு வந்து நின்றது. பதிவை மூடினால் எடுக்கிறோம் என்றார்கள். நான் திகைத்துப் போனேன். அந்தக் கேஸ் அன்றைக்கே முடிந்துவிட்டது என்றல்லவா நம்பியிருந்தேன். நம்பினது மட்டுமில்லை, முடித்துவைத்ததே நான்தான் என்று ஒரு பெருமையும் எனக்குள் இருந்தது.

அப்போது நான் புதிதாய் வரும் ஆட்களுக்கு உதவும் ஒரு ஒபிசில் தொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன். கோர்ட்டுக்கு ஒரு பிள்ளையோடு துணைக்குப் போகச் சொன்னார்கள். கடையில் ஆறு பால்மா டின் களவெடுத்துப் பிடிபட்டவள். ஒல்லிப் பிள்ளை, நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்ரௌவ்விலில் இருந்து வந்த ஒரு மாமி. தூரத்துச் சொந்தமாம், அவவின் வீட்டில்தான் பிள்ளை இருக்கிறாளாம். எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தந்தா. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுசி என்று நினைத்தேன். கோர்ட்டிலேயே இலவசமாய்த் தரும் லோயர் வந்து, குற்றத்தை ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

எங்கள் ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்கக்கூடாது. நீட்டின பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டு உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு ஆமி முகாமில், எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களப் பேப்பர் ஒன்றில் அப்படித்தான் பெருவிரலை வைத்தேன். மை ஒரு கிழமைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அதையே சுகந்திக்கும் சொன்னேன்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ பிள்ளை. கெதியா முடிஞ்சிடும்."

சொன்னாள். ஒரு வருசம் நன்னடத்தைக் கண்காணிப்பு. வெளியே வந்ததும் என் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, மாமியின் காரில் ஏற்றி, கதவையும் நானே சாத்திவிட்டேன். கை காட்டினேன், அதுவும் நினைவிருக்கிறது.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டுதான் பின்னொரு நாள் பெண்கள் காப்பகம் ஒன்றிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். மாமி வீட்டில் ஒத்துவரவில்லை என்றாள். நானும் துருவிக் கேட்கவில்லை. இந்த வருசம் பதிவை மூடும் விண்ணப்பத்துக்காக ஒரு பெண் லோயரிடம் போனோம். நான்தான் மொழிபெயர்த்தேன். கடைக்கு யார் கூட்டிக்கொண்டு போனது என்று லோயர் கேட்டா.

"மாமிதான். பாஸ்போட் அவவிட்டை. இங்க கொண்டுவந்த ஏஜென்சிக்கு நான் கடனாம். பகல் முழுக்க வீட்டு வேலை, பின்னேரத்தில கடை கடையா இறக்கிவிடுவா. எடுக்காமல் வந்தால் சாப்பாடில்லை. ஊரில தங்கச்சியைத் தூக்குவம் எண்டவ."

ஆள்கடத்தல் என்று இங்கே பேப்பரில் வாசிப்பேன், யாரோ வேறு சனத்தின் கதை என்று பக்கத்தைப் புரட்டுவேன். இது என்னோடு கோப்பி குடித்த கதை. லோயர் விடவில்லை. அப்படியானால் ஏன் குற்றத்தை ஒத்துக்கொண்டாய்?

சுகந்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "அக்கா சொன்னவ. மாமியும் பக்கத்தில நிண்டவ."

"என்ன சொல்கிறா?" என்றா லோயர். என் குற்றத்தை நானே இங்கிலீசில் சொல்ல வேண்டும். சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் எவ்வளவு காலம் என்று கேட்டா. பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதத்துக்குள் அவளைக் கதவு சாத்தி அனுப்பியவள் நான்.

நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்றா லோயர். மாமி இப்போதும் நாங்கள் போகும் கோயிலுக்குத்தான் வருகிறா. எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூன்று நாள் சாக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் மாமியின் பெயரையும் போட்டு எழுதினேன்.

ஐப்பசியில் கடிதம் வந்தது, பதிவை மூடியாயிற்று என்று. சுகந்தி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அழிச்சுப்போட்டாங்களோ அக்கா?"

"இல்லை. வேறயா எடுத்து வைச்சிருப்பாங்களாம். ஆரும் கேட்டால் காட்டமாட்டாங்கள்."

"அப்ப எங்கயோ கிடக்கு" என்றாள். செய்யவைத்தவள் கோயிலில் முன்வரிசையில் நிற்க, செய்தவள் விண்ணப்பம் போட்டு மன்னிப்பு வாங்கவேண்டியிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் இது செமிக்கவில்லை.

வேலையின் முதல் நாள் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். முதியோர் இல்லத்து வாசலில் இறங்கிப்போய் அவள் பக்கக் கதவைப் பிடித்தேன். "விடுங்கோ அக்கா, நான் சாத்துறன்" என்றாள். சாத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். நான் காருக்குள் வந்து இருந்தேன். அவளுடைய பேப்பரை இந்த நாடு மூடிவிட்டது. நான் பெருவிரல் வைத்த பேப்பர் ஊரில் எந்த அலுமாரியில் திறந்து கிடக்கிறதோ, அதில் நான் எதற்கு ஓம் சொல்லியிருக்கிறேனோ, மூடச் சொல்லி எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பதோ தெரியாது. பெருவிரலை ஜக்கெற்றில் துடைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.