மஞ்சள் துணியில் முடிந்து வைத்த பம்பு

அம்மனை நம்பியிருக்கும் சகோதரிகளே, பெருமைக்காக இதை எழுதவில்லை. என் கையால் இரண்டு உயிர் போயிருக்கும். அவள் தடுத்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், பங்குனி. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். மருமகள் செல்விக்கு ஆறாம் மாதம். சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்க, டாக்டரம்மா ஒரு பம்பு கொடுத்திருந்தார். அது புஸ்ஸென்று சீறும்போதெல்லாம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிப்பதுதான் என் கண்ணில் வரும். வயிற்றுப் பிள்ளை என்னாகும்?

"டாக்டரம்மாதான் இழுக்கச் சொன்னாக, அத்தை."

"அவுகளா புள்ள பெக்கப் போறாக? நானும் நாலு பெத்தவதான்டி. ஒரு மாத்திரை தின்னுருப்பேனா?"

அவள் அசந்த நேரம் பம்பை எடுத்து, ஒரு ரூபாயோடு மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்தடியில் வைத்தேன். சுகப்பிரசவம் ஆனால் கோயிலில் சேர்க்கிறேன் என்று வேண்டுதல். நேர்ந்து முடிந்ததை, வேண்டுதல் நிறைவேறுமுன் எங்கள் குடும்பத்தில் அவிழ்க்க மாட்டோம். அவிழ்த்தால் தெய்வக்குத்தம். செல்வி பம்பைக் கேட்டபோதும் அதைச் சொல்லியே மறித்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை. மகன் வத்தல் லோடு ஏற்றப் போயிருந்தான். செல்வி சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தாள். உதடு கருத்துவிட்டது.

"அத்தை... புள்ள... அசையல..."

சாமி படத்தின் முன் விழுந்தேன். "ஆத்தா, இப்ப நான் என்ன செய்ய?" எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் குத்தம் பற்றிய பயம் மட்டும் சட்டென்று விட்டுப்போனது. வந்தால் என் தலையில் வரட்டும். முடிச்சு கைக்கு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

இழுத்தாள். கொஞ்சம் மூச்சு திரும்பியது. பக்கத்து வீட்டு ஜீப்பில் அருப்புக்கோட்டைக்கு ஓடினோம். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லும்வரை நான் தரையில்தான் கிடந்தேன்.

"பம்ப யாரு நிறுத்துனது?"

சொன்னேன்.

"நல்லாருக்கே! மருந்து மூச்சுக்குழாய்க்குத்தாம்மா போகுது. புள்ளைக்குச் சேர்றது ரொம்பக் கொஞ்சம். தாய்க்கே மூச்சில்லேன்னா புள்ளைக்கு எங்கருந்து வரும்? பால் குடுக்கிறப்பவும் இழுக்கலாம். இன்னொருவாட்டி சாமி பேரச் சொல்லி எடுத்து வச்சீங்கன்னா, உங்கள வாசல்லயே நிறுத்திருவேன்."

ஆனியில், அவள் தாய் வீட்டில் பேரன் பிறந்தான். முழுசாக. தாய்ப்பாலிலேயே வளர்ந்தான். அம்மனுக்கு என் நன்றி இந்த ஆயுசில் தீராது.

ஆனால் மூன்று மாதத்தில் திரும்ப வேண்டிய செல்வி ஒரு வருடம் வரவில்லை. வந்தபிறகும் நான் மோந்து கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, தானே மோந்து குடித்தாள். இன்றைக்கும் அப்படித்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நம்புங்கள், சகோதரிகளே. மனசாரக் கும்பிடுங்கள். டாக்டர் கொடுத்ததைப் பிள்ளைத்தாய்ச்சியின் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே போய்க் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

செல்வியின் மனசு இளக வேண்டும் என்றும் அம்மனிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.