நாலு பேரில் எவன்

முதல் விசாரணைக்கு முந்தின வாரம், கறிக்கடைக்காரி சந்தைக்கு நடுவில் ஒருவனை அடித்துப் பல்லைப் பெயர்த்தாள். அடி வாங்கியவன் விரோதி இல்லை. எதிர்க்கடை காய்கறிக்காரன், அவள் மகளைத் தோளில் தூக்கி வைத்து வளர்த்தவன். "கவலையே படாதீங்கக்கா, கோர்ட் வாசல்லயே அவனைக் கண்டதுண்டமா வெட்டிடுறோம்" என்று ஆறுதல்தான் சொன்னான். அப்போது அவள் கையில் ஆட்டின் தொடையெலும்பு இருந்தது. அதாலேயே வாயில் ஒன்று போட்டாள்.

"அவனை வெட்டிட்டா எம்பொண்ணு எங்க கிடக்கான்னு உங்கப்பனா வந்து சொல்லுவான்?"

காய்கறிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் குறுக்கே போகவில்லை. அவள் கையில் எலும்பு இருக்கும்போது குறுக்கே போக யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

புருஷன் அவளை விட்டு ஓடிப்போனபோது மகள் கைக்குழந்தை. அவன் விட்டுப்போனது ஒரு வெட்டுக்கட்டையும் இரண்டு கத்தியும்தான். பொம்பளை கறி வெட்டுவதாவது என்று கேலி பேசியவர்கள்தான் பிறகு அவள் கடையில் வரிசையில் நின்றார்கள். எடையில் ஏமாற்றமாட்டாள், கொழுப்பை அடியில் வைத்து மறைக்கமாட்டாள். வாய் மட்டும் படுமோசம். பேரம் பேசுகிறவனை ஏற இறங்கப் பார்த்து, "உன்னைத் தோலுரிச்சுத் தொங்கவிட்டாக்கூட எலும்புதான் தேறும், உனக்கு எதுக்குய்யா தொடைக்கறி?" என்பாள். ஒருமுறை மாமூல் கேட்டு வந்த ரௌடியின் சட்டைக் கையைக் கத்தியால் கட்டையோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டு, நிதானமாக அடுத்த ஆளுக்கு ஈரல் நிறுத்துக் கொடுத்தாள். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனான்.

கட்டைக்கு எதிர்ப்பக்கம் நின்று வெட்ட அவளுக்கு ஒரு ஆள் இருந்தான். ஊமையன் என்பார்கள். பேச வராதவன் இல்லை, பேசமாட்டான், அவ்வளவுதான். வந்த புதிதில் கத்தி நழுவிக் காலில் விழப் பார்த்தது. அதிலிருந்து இடதுகாலைப் பின்னுக்கு இழுத்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துத்தான் நிற்பான். அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவளை அக்கா என்பான். மகள் படித்து முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், அவளிடம் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். அவள் முடியாது என்றிருக்கிறாள். ஒரு சாயங்காலம் மகள் வீடு திரும்பவில்லை.

அவன் அறையில் ரத்தச் சட்டை கிடைத்தது. மகளுடைய பையும் கிடைத்தது. "கொன்னுட்டேன்" என்று போலீஸிடம் ஒத்துக்கொண்டான். எங்கே போட்டாய் என்று கேட்டால் வாய் அடைத்துக்கொண்டது. நகத்தைப் பெயர்த்தார்கள். வலி தாங்காமல் ஆற்றங்கரையைக் காட்டினான், பிறகு செங்கல் சூளையைக் காட்டினான். தோண்டிப் பார்த்ததில் மண்தான் வந்தது. அதற்குள் அவனுக்கு ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார். பிணம் கிடைக்காத கேஸ் பாதி கேஸ், வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கொடுத்தார். கறிக்கடைக்காரி ஜெயிலுக்கு நடையாய் நடந்தாள். அவன் பார்வையாளர் கம்பிவரைக்கும் வந்து அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தூக்குல போடட்டும், போடாமப் போகட்டும். எனக்கு அதெல்லாம் வேணாம். எங்கன்னு சொல்லட்டும், எம்புள்ளைய எடுத்து அடக்கம் பண்ணிக்கிறேன்" என்பாள். இதைக் கேட்கத்தான் ஊரில் ஆள் இல்லை. ஊருக்கு அவன் உயிர் வேண்டும்.

விசாரணைத் தேதி வந்ததும் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. சலூனில் அதே பேச்சு, பஸ்ஸில் அதே பேச்சு. அன்றைக்கே தூக்குத் தண்டனை சொல்லிவிடுவார்கள் என்று பாதிப்பேர் நம்பினார்கள். "பேரைக் கேப்பாங்க, காகிதத்தைக் கொடுப்பாங்க, அடுத்த தேதி போடுவாங்க. இதுக்கா லீவு போட்டுட்டு வர்றீங்க?" என்று அரசு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று விடிந்ததிலிருந்தே கோர்ட் தெருவில் எள் போட இடமில்லை. மதில்மேல் ஆட்கள், மரத்தில் ஆட்கள். டீக்கடைக்காரன் இன்னொரு அடுப்பை மூட்டினான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்களும் உண்டு. மனிதன் சாவதைப் பார்க்கப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறவனை என்ன சொல்லித் திட்டுவது. கறிக்கடைக்காரியைக் கண்டதும் வழிவிட்டு முன்னால் தள்ளினார்கள். அவள் தம்பி, ஐஸ் கடைக்காரன், பாளம் உடைக்கும் இரும்புக் கம்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"தம்பி, வேணாம்டா. அவன் செத்தா அவளும் இல்லாமப் போயிடுவா" என்றாள்.

"நீ பேசாம இருக்கா. மாமன் நான் இருக்கேன்."

போலீஸ் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தது. அன்றைய தேதிக்கு வரவேண்டிய நாலு கைதிகளையும் ஒரே வேனில் ஏற்றி, நாலு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்புப் போட்டு, தலையோடு கறுப்புத் துணியால் மூடியிருந்தது. எவன் எவனென்று தெரியாது, கூட்டம் குழம்பிப் போய்விடும் என்று கணக்கு. இந்த யோசனையைச் சொன்ன அதிகாரிக்கு மண்டையில் களிமண்கூட இல்லை.

கதவு திறந்து நாலு பேரும் இறங்கியதும் கல் பறந்தது. தடுப்புக் கம்பி முறிந்தது. ஒரு போலீஸ்காரனின் மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. இருந்த கொஞ்சப் போலீஸையும் கூட்டம் வேனோடு வைத்து நசுக்கியது. ஊமையனைத் தெரிந்த சந்தை ஆட்கள் பின்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர்கள் ஆளுக்கொரு கைதியைப் பிடித்து இழுத்தார்கள். தம்பி கம்பியை உருவினான்.

"அக்கா, எவன்?"

அவள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுக்கா. சொல்லலைன்னா நாலு பேரையும் போட்டுத் தள்ளிடுவோம்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேன் சக்கரத்தை ஒட்டி நின்றவன் இடதுகாலைப் பின்னுக்கு இழுத்து, பாதத்தைத் திருப்பி வைத்திருந்தான். வெட்டுக்கட்டைக்கு எதிரே இத்தனை வருஷம் அவள் பார்த்த கால். அவள் கையை நீட்டி, அவனுக்கு அந்தப் பக்கம் நின்றவனைக் காட்டினாள்.

"அவன்தான்."

கம்பி முதலில் தோளில் விழுந்தது, அப்புறம் தலையில். துணிக்குள்ளிருந்து அந்த ஆள் "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்தினான். எல்லாக் குற்றவாளியும் சொல்வதுதானே என்று இன்னும் ஓங்கி மிதித்தார்கள். விலா நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எதுவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ் மற்ற மூவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. அவளும் பின்னாலேயே ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கோர்ட் தாழ்வாரத்தில் ஊமையனைத் தரையில் உட்கார வைத்துத் துணியை எடுத்தார்கள். அவளைப் பார்த்ததும் அழுதான்.

"உங்க குரல் கேட்டுச்சுக்கா, அடி பக்கத்துல விழுந்துச்சு. நான் நிக்கிறதை வச்சே உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சேதானேக்கா அவனைக் காட்டினீங்க? என்னை மன்னிச்சிட்டீங்களா?"

அவன் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எந்த நரம்பை எங்கே அறுத்தால் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். விரல்கள் தானாக மடங்கின.

"மன்னிச்சுட்டேன். எங்கன்னு சொல்லு."

"நம்ம தோல் போடுற கிடங்குலதான். பின்னாடி, மூடிப்போட்ட உப்புக் குழியில."

வாராவாரம் ஆட்டுத்தோலை அந்தக் கிடங்குக்கு அவள்தான் கொண்டுபோய்ப் போடுவாள். மகளைத் தேடி அலைந்த நாட்களிலும் போட்டாள். தோல் ஊறப்போடுவதை நிறுத்தி மூடிய அந்தக் குழிமேல் உட்கார்ந்து அழுதும் இருக்கிறாள். பக்கத்தில் இருந்த போலீஸ்காரன் ஊமையன் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினான். உள்ளே மாஜிஸ்ட்ரேட் ஊமையனின் பேரைக் கேட்டு, காகிதத்தைக் கொடுத்து, அடுத்த தேதி போட்டார்.

அவள் வெளியே வந்தபோது கூட்டத்தில் முக்கால்வாசி கரைந்திருந்தது. வேனுக்குப் பக்கத்தில் அந்த ஆள் மல்லாந்து கிடந்தான். துணியை எடுத்திருந்தார்கள். யாரோ ஒருவன், சைக்கிள் திருடி மாட்டியவன், அன்றைக்கு ஜாமீன் கிடைக்கவேண்டியவன். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த அவன் அம்மா, துவைத்து மடித்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. "யார் காட்டினது?" என்று மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி கம்பியை எங்கோ போட்டுவிட்டு வெளிறிப்போய் நின்றான். கூட்டத்தில் ஒருவர், "பெத்த வயிறும்மா, அழுத கண்ணு. அவங்களுக்கு ஆள் அடையாளம் தப்பிப்போச்சு" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். அது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

"தப்பல" என்றாள் கறிக்கடைக்காரி. "நான்தான் காட்டினேன். இவன் இல்லைன்னு தெரிஞ்சேதான் காட்டினேன். அவன் செத்துட்டா எம்பொண்ணு எங்க கிடக்கான்னு தெரியாமலே போயிடும்."

தம்பி வாயைப் பிளந்தான். தரையில் இருந்தவள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"சொன்னானா?"

"சொன்னான்."

"அப்ப போய் உம்புள்ளைய எடுத்துக்கோ." சட்டையை விரித்தாள். "போறதுக்கு முன்னாடி இவனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. சட்டை மாத்தணும், என்னால தனியா முடியல."

கறிக்கடைக்காரி மண்டியிட்டு உட்கார்ந்து அவனைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.