பேர் அடிக்கிறவர்

டக், டக் என்று கல்லில் இரும்பு தட்டுகிற சத்தம் காலை ஏழு மணிக்கு நான்காவது தெருவின் முனையில் கேட்கும். ஹில்மியின் வலது பூட்ஸில் லாடம் கழன்று ஆடிக்கொண்டிருக்கிறது. “ரெண்டு ஆணிதான், கழட்டிக் குடுங்க, காசு வேண்டாம்” என்று செருப்புத் தைக்கிற ஸாலிம் இரண்டு வருடமாகச் சொல்கிறான். ஹில்மி கொடுப்பதில்லை. சத்தம் கேட்டால்தான் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எதற்கு நேரம் என்று அவரும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அவர் அகதிகள் நிவாரண அலுவலகத்தின் பட்டியல் எழுத்தர். பட்டியலில் இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது வேலை. தலைக்கு மாதம் பத்து கிலோ மாவு, கொஞ்சம் எண்ணெய், சர்க்கரை, பருப்பு. வருடத்துக்கு ஒரு முறை எங்கோ கடல் தாண்டி ஒரு மண்டபத்தில் அரசாங்கங்கள் கூடி, இந்த வருடம் இவ்வளவு தருகிறோம் என்று அறிவிக்கிற பணத்தில் வருகிற மாவு அது. பணத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே பேர்களுக்கும் வரம்பு உண்டு. ஒருவர் செத்தால்தான் ஒரு குழந்தை பட்டியலுக்குள் வர முடியும். எரிகோ ஓரத்து இந்த முகாமில் மட்டும் நானூறு குழந்தைகள் வரிசையில் இருக்கின்றன. சில குழந்தைகள் காத்திருந்தபடியே நடக்கப் பழகிவிட்டன.

அதனால் இங்கே சாவு ஓசையில்லாமல் நடக்கும். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். பெண்கள் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார்கள். ஏழு மணிக்கு லாடச் சத்தம் கேட்கும்போது வாசல் பெருக்கியிருக்கும், முகம் கழுவியிருக்கும்.

சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் “அஸ்ராயில் வர்றாரு” என்று ஓடும். உயிரை வாங்க வருகிற வானவரின் பேர் அது. பெரியவர்கள் கொஞ்சம் மரியாதையாக, ‘பேர் அடிக்கிறவர்’ என்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. எந்த வீட்டிலும் தேநீர் குடிக்கமாட்டார். அவர் கோப்பையில் விழும் சர்க்கரை அந்த வீட்டின் பங்கிலிருந்து போவது. “இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். பொய் சொல்ல வராத மனிதர்.

எல்லாரும் துரத்தப்படுவதற்கு முன், ஊரில் இருந்தபோது, ராம்லேயில் நிலப் பதிவு அலுவலகத்தில் வேலை. இன்னாருக்கு இத்தனை மரம், இந்தக் கிணற்றில் பாதி என்று அழகான கையெழுத்தில் எழுதியவர். இன்றைக்கும் சில கிழவர்கள் தெருவில் நிறுத்தி, “என் வடக்கு வரப்பு எதுவரைக்கும் தம்பி?” என்று கேட்பார்கள். ஹில்மி யோசிக்காமல் சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

நான்காவது தெருவின் கடைசியில் வத்ஹாவின் மண் வீடு. வத்ஹாவுக்கு ஐம்பது வயது. கணவன் ஷுக்ரி, கொத்தனார். பதினான்கு மாதத்துக்கு முன்னால் மார்ச்சளி கண்டு ஒரு வாரத்தில் போய்விட்டார். முகாமுக்கே தெரியும். ஹில்மிக்கும் தெரியும். மறுநாள் வாசலில் நின்று அவர் கேட்டபோது வத்ஹா, “அம்மான் பட்டணத்துக்கு வேலைக்குப் போயிருக்காரு” என்றாள். ஹில்மி ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமும் அதையே எழுதினார். மூன்றாவது மாதம், சும்மா போக மனம் வராமல், “அண்ணன் எப்படி இருக்காராம்?” என்று கேட்டுவைத்தார். வத்ஹா சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, “முதுகு வலியாம். கல்லு தூக்கக் கூடாதுன்னா கேக்க மாட்டாரு” என்றாள்.

அன்றிலிருந்து ஷுக்ரி அம்மானில் வாழ ஆரம்பித்தார். ஒரு மாதம் அங்கே பனி கொட்டியது, கம்பளிச் சட்டை கேட்டுச் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் மேஸ்திரியோடு சண்டை. ரமலானில் வர நினைத்தார், பேருந்து கிடைக்கவில்லை. ஹில்மி ஒவ்வொன்றையும் அக்கறையாகக் கேட்பார். “எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லுங்க அக்கா” என்பார். வத்ஹா சரி என்பாள். தங்கள் பங்கோடு ஷுக்ரியின் அந்தப் பத்து கிலோவையும் வைத்துத்தான் வத்ஹாவும், மகள் நஸ்மிய்யாவும், வரிசையில் முந்நூற்றுப் பதினொன்றாவதாகக் காத்திருக்கும் பதினோரு மாதப் பேரனும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

இந்த வசந்தத்தில் கடிதம் வந்தது. வட்டார அதிகாரி அதை மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார். அரசாங்கங்கள் சென்ற வருடத்தைவிடக் குறைவாகவே தருவதாகச் சொல்லியிருக்கின்றன. ஆகவே பட்டியல் சுருங்க வேண்டும், இந்த முகாமில் நூற்றெண்பது பேர்.

“யாரை சார் எடுக்கிறது?” என்றார் ஹில்மி.

“முதல்ல இல்லாதவங்களை எடுங்க. ‘வெளியூர்’னு ஒரு வருஷமா இருக்காங்களே, அவங்களை. அப்புறந்தான் இருக்கிறவங்க.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்க கையை மடக்கிட்டாங்க. நான் என்னய்யா பண்ண?”

செவ்வாய்க்கிழமை ஹில்மி வத்ஹா வீட்டு வாசலில் நின்றார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. நேத்துதான் சேதி வந்துச்சு. மூணாவது மாடி எழுப்புறாங்களாம். வெயிலுக்குத் தலையில துணி கட்டிக்கிறாராம்.”

எப்போதும் மேற்கொண்டு கேட்கிற ஹில்மி இன்று கேட்கவில்லை. கையிலிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அக்கா,” என்றார். “இனிமே அண்ணன் அம்மான்ல இருக்க முடியாது.”

வத்ஹாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது.

“பதினாலு மாசமா நான் எழுதிட்டேன். இனிமே என் கையில இல்ல. மேல இருந்து ஆணை வந்திருச்சு.”

“அந்த மண்டபத்துல உக்காந்திருக்கவங்களா?” என்றாள். குரல் உயரவில்லை. “அவர் இருமி இருமிச் செத்தப்ப மருந்து கொண்டுட்டு யாராவது வந்தாங்களா? இப்ப மட்டும் அவர் எங்கன்னு கேக்கிறாங்களா?”

ஹில்மி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“சரி. அடிச்சிடுங்க. அவர் இடத்துல என் பேரன் பேரைப் போடுங்க. நஸ்மிய்யா மகன். உங்களுக்குத்தான் தெரியுமே.”

“இல்லக்கா. எப்பவும்போல இருந்தா வரிசையில முதல்ல இருக்கிற குழந்தைக்குப் போகும். இந்தத் தடவை யாருக்கும் போகாது. இடத்தையே எடுத்துட்டாங்க.”

“யாருக்குமே இல்லையா?”

“யாருக்குமே இல்ல.”

வத்ஹா கையில் ஒட்டிய மாவை ஒரு துணுக்கு விடாமல் வழித்து உருண்டையில் சேர்த்தாள். அதன்மேல் துணி போட்டு மூடினாள். “எழுதுங்க. நான் பார்க்கணும்” என்றாள்.

அவர் அவள் எதிரிலேயே ஷுக்ரியின் பேருக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

வத்ஹா எழுந்து வாசலுக்கு வந்தாள். தலைத்துணியை இழுத்து அவிழ்த்தாள். பதினான்கு மாதம் அடைத்துவைத்திருந்த குரலில் ஷுக்ரியின் பேரைச் சொல்லிக் கத்தினாள். இன்றைக்குச் செத்தவரை அழுவதுபோலவே அழுதாள். நெஞ்சில் அறைந்துகொண்டாள், அவர் கட்டிய சுவர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவர் கேட்காமலே போன பேரனின் மழலையைச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் தகரங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்று ஷுக்ரியின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கியவர்கள். இப்போது ஏன் அழுகிறாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தரையில் வட்டமாக உட்கார்ந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

மதியத்துக்குள் முற்றத்தில் பள்ளிக்கூட பெஞ்சுகள் வந்துவிட்டன. யாரோ காப்பிக்கொட்டை கொண்டுவந்து சர்க்கரை போடாத துக்கக் காப்பி காய்ச்சினார்கள். ஆண்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்களின் கையைப் பிடித்து ஆறுதலை வாங்கிக்கொள்ள இறந்தவரின் தம்பியோ மகனோ வாசலருகே நிற்கவேண்டும். ஷுக்ரிக்கு மகன் இல்லை. ஒரே தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன். அந்த இடம் காலியாக இருந்தது. வந்தவர்கள் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுவரோரமாகத் தேங்கி நின்றார்கள்.

ஹில்மி காலையிலிருந்து போகவில்லை. வேலியோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கல்குவாரியில் வேலை செய்யும் ராகிப் என்ற இளைஞன் அவர் காதில் விழும்படியே சொன்னான்: “பேரை அடிச்ச ஆளே துட்டி கேக்க வந்திருக்காரு பாரு.”

ஹில்மி திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்தைக் கடந்துபோய், வாசலருகே, தம்பி நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். வரிசையில் முதல் ஆளாக ராகிப்தான் நின்றிருந்தான். ஹில்மி தலையைத் தாழ்த்தி அவனிடம் கையை நீட்டினார்.